மூன்றெழுத்தில் மயங்கி விழுந்த கணினி: பழைய விண்டோஸின் 'சேவை மறுப்பு' ஓட்டை

விண்டோஸ் 95, விண்டோஸ் 98 கணினிகளைப் பாவித்தவர்களில் சிலருக்கு இது நினைவிருக்கும். 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தி, 'ரன்' என்ற சிறு பெட்டியைத் திறந்து, அதில் சி:\கொன்\கொன் என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுத்தால் போதும். திரை நீலமாகிவிடும். வெள்ளை எழுத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். அதன் பிறகு மௌஸ் அசையாது, விசைப்பலகை கேட்காது. மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

2001ஆம் ஆண்டளவில் கல்முனையில் நான் போய்வந்த ஒரு நெற் கபேயில் இதை நேரில் கண்டேன். ஆறு கணினிகள், ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. முதலாளியின் மேசையில் இருந்த கணினிதான் மொடத்தைப் பிடித்து மற்ற ஐந்துக்கும் இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும். விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பில் அந்த வசதி இருந்தது. யார் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்ற கணக்கும் அதே கணினியில்தான். முதலாளி லுஹர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து ஒரு பொடியன் அந்த மேசையில் ஏறி மேலே சொன்னதைத் தட்டிவிட்டான். ஒரு கணினி விழுந்ததும் ஆறு பேருடைய இணைப்பும் போயிற்று. மூலையில் ஒரு உம்மா, சவூதியில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் எழுதுவித்துக்கொண்டிருந்தார். எழுதிக்கொடுத்தவர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். அவ்வளவும் போய்விட்டது. "என்ன தம்பி, ஆரும் களவெடுத்துட்டாங்களா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஒருவரும் ஒன்றையும் களவெடுக்கவில்லை. அதுதான் இந்த வகைத் தாக்குதலின் விசேஷம்.

கணினிப் பாதுகாப்பில் இதற்குச் 'சேவை மறுப்பு' என்று பெயர். ஒரு கணினியோ வலையமைப்போ தன்னை நம்பியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய சேவையைக் கொடுக்க முடியாமல் செய்வது. தகவல் பாதுகாப்பைப் படிப்பிப்பவர்கள் மூன்று விடயங்களைக் காக்க வேண்டும் என்பார்கள்: இரகசியம் வெளியே போகக் கூடாது, பதிவில் உள்ளது மாற்றப்படக் கூடாது, தேவைப்படும் நேரத்தில் அது கையில் கிடைக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆட்கள் பயப்படுவார்கள். மூன்றாவது என்றால், "திரும்பப் போட்டால் சரிதானே" என்று விட்டுவிடுவார்கள். தொலைபேசி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், டோர்ச் பற்றரிக்குக்கூடத் தடை இருந்த காலத்தைக் கடந்துவந்த வடக்கு கிழக்குச் சனத்துக்கு, ஒன்று களவு போகாமலே இல்லாமற் போவது எப்படிப்பட்ட இழப்பு என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏன் அந்த மூன்றெழுத்து?

'கொன்' என்பது ஆங்கிலத்தில் சி, ஓ, என் ஆகிய மூன்று எழுத்துக்கள். 'கொன்சோல்' என்பதன் சுருக்கம். கணினியோடு ஆள் கதைக்கும் இடம், அதாவது விசைப்பலகையும் திரையும் சேர்ந்த சாதனம் அது. மைக்ரோசொப்ட் 1981இல் ஐபிஎம் கணினிக்காக வெளியிட்ட எம்எஸ்-டொஸ் இயங்குதளத்தில் சாதனங்களுக்கும் கோப்புகளுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் முந்திய சிபி/எம் என்ற இயங்குதளத்திலிருந்து வந்த பழக்கம் அது. ஒரு கோப்பை 'பிஆர்என்' என்ற பெயருக்குப் பிரதி பண்ணினால் அது அச்சு இயந்திரத்துக்குப் போகும். 'கொன்' என்ற பெயருக்குப் பிரதி பண்ணினால் திரையில் தெரியும். 'நல்' என்ற பெயருக்கு அனுப்பினால் எங்கும் போகாமல் மறைந்துவிடும். வசதியான ஏற்பாடுதான்.

அந்த முதற் பதிப்பில் கோப்புறைகள் இருக்கவில்லை. எல்லாக் கோப்பும் ஒரே தட்டில் கிடந்தன. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் முறை வந்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: பழைய மென்பொருட்கள் எல்லாம் 'கொன்' என்று வெறுமனே எழுதுகின்றனவே, அவை எந்தக் கோப்புறையில் நின்றாலும் வேலை செய்ய வேண்டாமா? அதற்காக, இந்தச் சாதனப் பெயர்கள் எல்லாக் கோப்புறைகளிலும் இருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். ஆகவே அந்தப் பெயரில் நீங்கள் ஒரு கோப்போ கோப்புறையோ உருவாக்க முடியாது. இன்று புதிதாக வாங்கும் மடிகணினியிலும் அந்தப் பெயர் தடைதான்.

இதைப் பற்றி ஒரு காலத்தில் மின்னஞ்சலில் சுற்றிய கதை ஒன்று உண்டு. கோப்புறைக்கு 'கொன்' என்று பெயர் வைக்க முடியாது என்பதை ஒரு இந்தியர் கண்டுபிடித்ததாகவும், பில் கேட்ஸுக்கே அதன் காரணம் தெரியாது என்றும் அதில் எழுதியிருக்கும். எங்கள் ஊர்ப் பொடியன்களும் அதைப் பயபக்தியோடு முன்னனுப்பினார்கள். காரணம் 1980களின் தொடக்கத்திலேயே கையேடுகளில் அச்சாகியிருந்தது.

பெயர் வைக்க முடியாது என்பது ஓட்டை அல்ல. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஒரு பாதையில் சாதனப் பெயர் ஒரு தடவை வந்தால் விண்டோஸ் 95உம் 98உம் அதைச் சரியாகவே கையாண்டன, பிழை என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. ஒரே பாதையில் இரண்டு தடவை வந்தால், அதாவது 'கொன்' என்ற கோப்புறைக்குள் இருக்கும் 'கொன்' என்று கேட்டால், அந்தச் சோதனை தவறியது. இயங்குதளத்தின் ஆக உள்ளே இருக்கும் பகுதி இல்லாத ஒன்றைத் தொடப் போய் விழுந்தது. மேலே ஓடும் ஒரு மென்பொருள் விழுந்தால் அதை மட்டும் மூடிவிடலாம். அடித்தளமே விழுந்தால் அதன் மேல் நிற்கும் அத்தனையும் சேர்ந்து விழும். அதே நிறுவனத்தின் விண்டோஸ் என்டியும் விண்டோஸ் 2000உம் வேறு அடித்தளத்தில் எழுதப்பட்டவை. அவற்றை இது ஒன்றும் செய்யவில்லை.

பொடியன் மேசையில் ஏறித் தட்டினால்தான் நடக்கும் என்றால் அது வெறும் குறும்பு. ஆனால் ஒரு வலைப்பக்கத்தில் படம் வைக்க வேண்டிய இடத்தில் இந்தப் பாதையை எழுதிவிடலாம். பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவருடைய உலாவியும் தன் சொந்த வன்தட்டில் அந்தப் 'படத்தை'த் தேடிப் போய் விழும். வலைப்பக்க வடிவில் வரும் மின்னஞ்சலும் அவ்வாறே. கடிதத்தைத் திறந்தால் கணினி விழும், திரும்பப் போட்டுக் கடிதத்தைத் திறந்தால் திரும்பவும் விழும்.

மைக்ரோசொப்ட் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் இதை ஒப்புக்கொண்டு, அந்த வருடத்தின் பதினேழாவது பாதுகாப்பு அறிவித்தலாக வெளியிட்டது. திருத்தும் ஒட்டும் கூடவே வந்தது. இதைக் கொண்டு எவரும் தகவலைத் திருடவோ மாற்றவோ முடியாது, கணினியைத் திரும்பத் தொடக்கினால் வழமைக்கு வரும் என்ற கருத்தில் அறிவித்தல் அமைந்திருந்தது. சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உம்மாவின் கடிதத்துக்கு அதில் இடமில்லை.

எம்மிடம் ஒட்டு வந்து சேர்ந்ததா?

அந்த ஒட்டு சிறிய கோப்பு. தொலைபேசி இணைப்பிலும் இறக்கிவிடலாம். வராமற் போனதற்கு வேறு காரணங்கள். அறிவித்தல் ஆங்கிலத்தில் இருந்தது. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ கணினி திருத்துகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும், பிரதி பண்ணிய சீடியிலிருந்து போட்ட விண்டோஸுக்கு ஒட்டுப் போடப் போனால் வேறு வில்லங்கம் வருமோ என்று பயந்தார்கள்.

இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அக்காலத்தில் வைரஸ் வந்தாலும் மெதுவானாலும் எங்கள் ஊர்களில் ஒரே மருந்து, 'போமட் அடிப்பது'. வன்தட்டைத் துடைத்து, அதே சீடியிலிருந்து விண்டோஸை மறுபடி போடுவார்கள். சீடி 1998ஆம் வருடத்தது. ஓட்டை 2000இல் அடைக்கப்பட்டது. ஆகவே கணினியைத் 'திருத்தும்' ஒவ்வொரு தடவையும் ஓட்டையும் புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது. விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2006 ஜூலையில் முற்றாக நிறுத்தியபோதும் அந்தச் சீடிகள் எங்கள் லாச்சிகளில் இருந்தன.

பழைய கணினியை விடாமல் வைத்திருந்ததற்கு நியாயமான காரணமும் உண்டு. அது எழுத்துரு. யுனிகோட் முறையில் தமிழை எழுதவும் காட்டவும் மைக்ரோசொப்ட் முதலில் வசதி செய்தது விண்டோஸ் 2000இல். அதற்கு முன் பத்திரிகை, கல்யாணக் கார்ட், பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலை வினாத்தாள், இடம்பெயர்ந்தோர் பட்டியல் எல்லாமே பாமினி போன்ற எழுத்துருக்களில்தான். அச்சகங்கள் பேஜ்மேக்கரில் அதைப் போட்டுப் பழகியிருந்தன. புதிய கணினியில் பழைய மென்பொருள் ஓடாது, பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே மூலையில் ஒரு பழைய கணினி 'அந்த வேலைக்கு மட்டும்' என்று இருந்துகொண்டே இருக்கும்.

ஒரே ஓட்டை, பல முகங்கள்

விண்டோஸ் 98இன் இந்தக் கோளாறு தனிப்பிறவி அல்ல. அதற்கு முன்பே 'மரணப் பிங்' வந்திருந்தது. ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு செய்திக்குப் 'பிங்' என்று பெயர். இணையத்தின் விதிப்படி ஒரு பொதி 65,535 பைட்டுக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் பெரிய பொதியைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பலாம், ஒவ்வொரு துண்டிலும் அது எந்த இடத்தில் பொருந்த வேண்டும் என்று எழுதியிருக்கும். கடைசித் துண்டை எல்லையின் ஓரத்தில் வைத்து, அதன் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டும்போது மொத்தம் எல்லையைத் தாண்டும். பெறுகிற கணினி எல்லைக்கு அளவாகவே இடம் ஒதுக்கியிருக்கும். மீதி பக்கத்து நினைவகத்தில் போய் விழுந்து இயங்குதளத்தைச் சாய்த்தது. 1996இல் இது தெரியவந்தபோது விண்டோஸ் மட்டுமல்ல, யுனிக்ஸ், லினக்ஸ், மக்கின்டோஷ், வலையமைப்பில் இருந்த சில அச்சு இயந்திரங்கள்கூட விழுந்தன.

1997 மே மாதத்தில் 'வின்நியூக்' வந்தது. விண்டோஸ் 95, என்டி கணினிகள் கோப்புகளைப் பங்கிடுவதற்குத் திறந்து வைத்திருந்த 139ஆம் இலக்கப் போர்ட்டுக்கு, 'அவசரம்' என்று குறித்த ஒரு சிறு தகவலை அனுப்பினால் நீலத் திரை. அதே வருடம் நவம்பரில் 'லேண்ட்': அனுப்புநர் முகவரியிலும் பெறுநர் முகவரியிலும் உங்கள் கணினியின் முகவரியையே எழுதி அனுப்புவார்கள். கணினி தனக்குத் தானே பதில் எழுதத் தொடங்கி, அந்தச் சுழலிலிருந்து வெளியே வராது. வேடிக்கை என்னவென்றால், அடைத்துவிட்டதாக எல்லாரும் நினைத்த 'லேண்ட்' ஓட்டை 2005இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பிலும் சேர்வர் 2003இலும் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. மரணப் பிங்கின் தம்பிமார் 2013இலும் 2020இலும் விண்டோஸின் புதிய ஐபி ஆறாம் பதிப்பு நிரலில் தலைகாட்டினார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் பழைய தவறின் வரலாற்றை வாசிப்பதில்லை போலும்.

இவை எல்லாம் ஓட்டையைப் பாவித்துச் செய்பவை. ஒன்றிரண்டு பொதி போதும். இன்னொரு வழி வெள்ளமாகக் கொட்டுவது. நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு கல்முனை பஸாரில் ஒரு கடைக்குள் ஆயிரம் பேர் புகுந்து, எவரும் ஒன்றும் வாங்காமல் நின்றால், உடுப்பு வாங்க வந்த ஆள் வாசலைக்கூடக் காண மாட்டார். கடையில் ஒரு பிழையும் இல்லை. 1996 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பெனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் இப்படித்தான் முடக்கப்பட்டது. இணைப்புக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் மறையும் பொய்க் கோரிக்கைகளால் அதன் கணினிகளை நிரப்பினார்கள்.

இலங்கையின் பெயர் இந்த வரலாற்றில் இடம்பெறுவதும் வெள்ளத்தால்தான். தம்மை 'இணையக் கரும்புலிகள்' என்று அழைத்துக்கொண்ட ஒரு குழு, வெளிநாடுகளில் இருந்த இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு எண்ணூறு அளவில் மின்னஞ்சல்களை இரண்டு கிழமைகள் தொடர்ந்து கொட்டியது. தூதரகங்களின் தொடர்பாடலைக் குழப்பவே இதைச் செய்வதாக அந்தக் கடிதங்களிலேயே சொல்லியிருந்தது. 1998இல் செய்தி வெளியானபோது, ஒரு நாட்டின் கணினி முறைமை மீது ஆயுதக் குழு சார்ந்தோர் நடத்தியதாக அறியப்பட்ட முதல் தாக்குதல் இது என அமெரிக்கப் புலனாய்வுத் தரப்புக் குறிப்பிட்டது. உலகெங்கும் சைபர் பாதுகாப்புப் பாடநூல்களில் இன்றும் இந்தச் சம்பவம் வந்துபோகிறது. எண்ணூறு மின்னஞ்சல் என்பது இன்று ஒரு கைத்தொலைபேசிக்கே பொருட்டில்லை. அன்றைய தூதரகத்தின் சின்ன அஞ்சற்பெட்டிக்கும் மெதுவான இணைப்புக்கும் அது பெருவெள்ளம். ஒரு இரகசியமும் போகவில்லை. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கேட்டு எழுதிய தமிழ்ப் பேசுகிறவரின் கடிதமும் அந்த எண்ணூறுக்குள் அமிழ்ந்திருக்கும் என்பதை மட்டும் பாடநூல்கள் எழுதுவதில்லை.

2022 ஏப்ரலில் நாட்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நீண்டிருந்த நாட்களில், 'அனோனிமஸ்' என்ற பெயரில் இயங்கியவர்கள் இலங்கை மின்சார சபை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், பொலிஸ் ஆகியவற்றின் இணையத்தளங்களைக் கோரிக்கை வெள்ளத்தால் முடக்கினார்கள். போராடும் மக்களுக்கு ஆதரவாகச் செய்ததாகச் சொன்னார்கள். நாட்டை விட்டுப் போகக் கடவுச்சீட்டுக்கு அலைந்த நேரத்தில் குடிவரவுத் தளத்தை முடக்குவது யாருக்கு ஆதரவு என்று எனக்கு விளங்கவில்லை. அரசும் இதில் பின்னிற்கவில்லை. 2018 மார்ச்சில், அம்பாறை நகரிலும் பின்னர் கண்டி மாவட்டத்திலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டதை அடுத்து, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை நாடு முழுவதும் நிறுத்தியது. வதந்தி நின்றதோ இல்லையோ, கட்டாரிலும் குவைத்திலும் இருந்து "வீட்டில எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் போகவில்லை. அதற்கு எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை.

நீலத் திரை இன்னும் முடியவில்லை

விண்டோஸ் 98 போய்விட்டது. அதன் இடத்துக்கு எக்ஸ்பி வந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதி அதற்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. ஆதரவு முடிந்த பிறகு கணினி நின்றுவிடுவதில்லை. புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை என்பதுதான் பொருள்.

2017 மே 12ஆம் திகதி பரவிய 'வன்னாகிரை' புழுவை எடுங்கள். கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் புழு அது. விண்டோஸின் மிகப் பழைய கோப்புப் பங்கீட்டு முறையான எஸ்எம்பி முதலாம் பதிப்பின் ஓட்டையால் நுழைந்தது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகள் இரத்தாயின. எக்ஸ்பிதான் காரணம் என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். பின்னர் ஆய்வுகூடத்தில் சோதித்தவர்கள் கண்டது வேறு: அதிகம் பிடிபட்டது விண்டோஸ் 7. எக்ஸ்பி கணினிகளில் புழு ஒழுங்காகத் தொற்றவில்லை, நுழைய முயன்றபோது அவை பெரும்பாலும் நீலத் திரையில் விழுந்து திரும்பத் தொடங்கின. கப்பம் கேட்கக்கூட அவற்றால் முடியவில்லை. களவாட வந்த நிரல் பழைய இயங்குதளத்தில் சேவை மறுப்பாக முடிந்தது. 2019இல் தொலைமேசை வசதியில் கண்டுபிடிக்கப்பட்ட 'புளூகீப்' ஓட்டையிலும் இதே கதைதான். அந்த வருடம் நவம்பரில் அதைப் பாவித்த முதல் தாக்குதல்கள் வெளிப்பட்டது, ஆய்வாளர்கள் பொறியாக வைத்திருந்த கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத் திரையில் விழுந்ததால். இரண்டு தடவையும் மைக்ரோசொப்ட் தன் விதியை மீறி எக்ஸ்பிக்கு ஒட்டு வெளியிட்டது.

உள்ளூர் உதாரணத்துக்கு 2023ஐப் பார்க்க வேண்டும். அந்த வருடம் ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் முகில் கணினிச் சேவையைக் கப்ப மென்பொருள் தாக்கியது. அரசின் இணையப் பெயரில் இருந்த ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தினதும் உட்பட. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த வருடம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறத் திட்டம் இருந்தும் நிதித் தட்டுப்பாட்டாலும் முந்திய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் தாமதமானதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் கூறியது. இது இயங்குதளத்தின் ஓட்டை அல்ல, சேவை மறுப்பு மட்டுமே நோக்கமான தாக்குதலும் அல்ல. ஆனால் வேர் ஒன்றுதான்: பழையது ஓடுகிறது தானே, இருக்கட்டும்.

அம்பாறைக் கரையோரத்தில் 'இருக்கட்டும்' என்பதன் விலை கூடுதல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது இந்த மாவட்டத்தில். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் நெடுக உறுதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாம் வீட்டோடு போயின. அதற்கு முன் 1990இல் ஓடியபோது விட்டுப்போனவர்கள் வேறு. இவர்களுக்குத் திரும்ப எழுதப்பட்ட பதிவுகளில் பல ஏதோ ஒரு அலுவலகத்தின், அமைப்பின், பள்ளிவாசலின், கோயிலின் பழைய கணினியில் இருக்கின்றன. ஒரே பிரதி. கணினி சட்டென்று விழும்போது வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெட்டுப்போவதும் உண்டு. அப்போது 'திரும்பப் போட்டால் சரி' என்பது சரியல்ல.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு

அதை எறிந்துவிடச் சொல்லவில்லை. வாங்கப் பணம் இல்லாத இடத்தில் அது அறிவுரை அல்ல. முதலாவது வேலை, அதை வலையிலிருந்து கழற்றுவது. பாமினியில் பக்கம் அமைக்கவோ பழைய கணக்கு மென்பொருளை ஓட்டவோ இணையம் தேவையில்லை. வயரைப் பிடுங்கினால், மரணப் பிங் முதல் வன்னாகிரை வரை மேலே சொன்ன தொலைதூரத் தாக்குதல் எதுவும் வயருக்கு அப்பால் நின்றுவிடும். மிஞ்சுவது பென்டிரைவ்; அதைப் புதிய கணினியொன்றில் சோதித்த பின் செருகுங்கள்.

கழற்ற முடியாது, பக்கத்து மேசையோடு கோப்புப் பங்கிட வேண்டும் என்றால், ரவுட்டருக்கு வெளியிலிருந்து 139, 445, 3389 ஆகிய போர்ட்டுகளுக்கு வழி திறந்திருக்கக் கூடாது. வீட்டு ரவுட்டர்கள் இயல்பாக இவற்றை மூடியே வைத்திருக்கும். திறந்திருந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் 'வீட்டிலிருந்து வேலை செய்ய' அல்லது கமராவைப் போனில் பார்க்கத் திறந்துவிட்டதாக இருக்கும். கமரா என்றதும் ஒன்று: கடைகளில் மாட்டும் மலிவான ஒளிப்பதிவுப் பெட்டிகளுக்குள்ளும் ஒரு பழைய லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. 2016 ஒக்டோபரில் டுவிட்டர் உட்படப் பெரிய தளங்கள் அமெரிக்காவில் மணித்தியாலக் கணக்கில் முடங்கியபோது, வெள்ளத்தைக் கொட்டியவை இவ்வாறான கமராக்களும் பெட்டிகளும்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை எவரும் மாற்றாததால் 'மிராய்' என்ற நிரல் அவற்றைக் கைப்பற்றியிருந்தது. உங்கள் கடைப் பெட்டியின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

விண்டோஸ் 7 அல்லது 10 ஓடும் கணினிகளில் எஸ்எம்பி முதலாம் பதிப்பை நிறுத்திவிடலாம். கட்டுப்பாட்டகத்தில் விண்டோஸ் வசதிகளைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் விண்டோஸ் 10இல் அதற்கு ஒரு குறிப்பெட்டி இருக்கிறது; 7இல் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள். நிறுத்திய பின் மிகப் பழைய அச்சு இயந்திரமோ ஸ்கானரோ வேலை செய்யாமற் போனால், அதுதான் இன்னும் அந்த முறையில் கதைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

எழுத்துருவுக்காகப் பழைய கணினியில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள், கோப்புகளைப் யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் பாதிச் சங்கிலி அறும். சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி பாமினியை நொடியில் மாற்றித் தரும். அட்டவணைகளையும் பெயர்ப்பட்டியல்களையும் மாற்றிய பின் ஒருவர் கண்ணால் ஒப்பிட வேண்டும். பெயரில் ஒரு கொம்பு பிசகினால் பிரதேச செயலகத்தில் ஆளே வேறாகிவிடுவார்.

பிரதிகள் எத்தனை, எங்கே என்பதைக் கடைசியாகக் கேட்டாலும் முதலில் செய்ய வேண்டியது அது. ஒன்று கணினியில், ஒன்று அதே மேசையின் லாச்சியில் என்றால் அது ஒன்றுதான். கடல், நெருப்பு, கள்ளன், நீலத் திரை எல்லாம் ஒரே மேசைக்குத்தான் வரும். இரண்டாவது பிரதி மெயின் வீதிக்கு மேற்கே, கடல் வராத பக்கத்தில் உள்ள ஒரு வீட்டில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கணினியில் செருகி, பட்டியல் திறக்கிறதா, கடைசியாகச் சேர்த்த பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.